வல்லினம் மிகா இடம்

பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல்
ஐந்து மணிக்குள் ஏற வேண்டும்.
கடலூர் முதுநகர், மேல்நிலைப் பள்ளி அலுவலகம்.
நானும் ஒரு மின்விசிறியும்
நூற்றுப் பதினான்கு பெயர்களும்.

நூற்றுப் பதின்மூன்று முடிந்தது.

கடைசிப் பெயருக்கு உரியவள்
பால் கவரில் சுருட்டிக் கொண்டுவந்தாள்
மாற்றுச் சான்றிதழை.
கார்த்திகை மழையில் பச்சையாங்குப்பத்து லைன் வீட்டுக்குள்
முழங்கால் தண்ணீர் நின்றபோது
அரிசியை விட்டுவிட்டு
அவள் அப்பா இதைத்தான் பரணில் ஏற்றினாராம்.

விரித்தால் ஒடியா.
ஒவ்வோர் எழுத்தும் தலையில்
சும்மாடு வைத்துக்கொண்டு நிற்கிறது,
எதைச் சுமக்கவோ.

"மொழிபெயர்ப்பு, நோட்டரி, அப்புறம் பார்க்கலாம்"
என்றார் தலைமையாசிரியர்.
அப்புறம் என்றால் அடுத்த வருஷம்.
அடுத்த வருஷம் என்றால் சிப்காட்,
அப்பா வேலை பார்க்கும் அதே சாயக் கம்பெனி வாசல்.
எனக்குத் தெரியும்.
ரஞ்சன் என்றொரு பையனின் கோப்பை
நூல் சுற்றி அலமாரியில் வைத்தவள் நான்.
இவள் ஒன்பதில் சேர்ந்த அன்று
'தற்காலிகம்' என்று சிவப்பு மையில் எழுதியதும்
இதே கைதான்.

கதவைச் சாத்திவிட்டு
"நீயே படி" என்றேன்.
படித்தாள். கஞ்சாம் மாவட்டம். பிறந்த தேதி.
அங்க அடையாளம்: இடது முழங்கையில் மச்சம்.
சட்டைக் கையை ஏற்றிக் காட்டவும் செய்தாள்.
தட்டச்சு செய்துகொண்டே வந்தேன்.
'மொழிபெயர்த்தவர்' என்ற இடத்தில்
இருவரும் கொஞ்ச நேரம் விழித்தோம்.
பிறகு என் பெயரைப் போட்டேன்,
ஒடியாவில் ஒரு சுழி அறியாதவள்.

காலாண்டில் தமிழ் பதினொன்று.
அரையாண்டில் முப்பத்து நான்கு.
இந்த ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
சோனாங்குப்பத்து வேதவல்லி, ஷாகிரா, இவள்.
ஒரு கணக்குக்கு ஒரு இலக்கண விதி என்று பேரம்.
கடன் வைத்தால் மாங்காய் பத்தை.

"இனிஷியல்?"
"எங்க ஊர்ல இல்ல மேடம்."
பெட்டி காலியாக இருந்தால் சிவப்புக் கட்டம் கத்தும்.
"அப்பா பேர்?"
"கைலாஷ்."
கை.
நகக்கண்ணில் நீலம் போகாத
அந்த ஆளின் முதல் எழுத்து.
கை. லிபிகா ஸ்வைன் என்று சொல்லிப் பார்த்தாள்,
புதுச்செருப்பில் நடந்து பார்ப்பதுபோல.

"சரியா இருக்கா பாரு. சான்றிதழ்ல
ஆயுசுக்கும் இதுதான்."
திரையைத் தொடாமல் விரலால் வருடிக்கொண்டே வந்தவள்
நின்றாள்.

"மேடம், இங்க க் மிகாது."

லிபிக்கா.
பதினாறு வருஷ சர்வீஸ் எனக்கு.
கதவுக்கு வெளியே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த வேதவல்லி
வாயைப் பொத்தியும் சிரிப்பு தப்பிவிட்டது.
"உள்ள வாங்கடி" என்றேன்.

ஒரு புள்ளியெழுத்தை அழித்தேன்.
நாலு ஐம்பத்திரண்டு.
சர்வர் சுற்றுகிறது.
நான்கு பேரும் அதையே பார்த்து நிற்கிறோம்,
அடுப்பில் பால் வைத்தவர்களாக.