சலவை அறையில் ஃபுட்பால் பருவம்

ஒன்பது ஆட்டம். ஒரு வெற்றி.
அதுவும் எதிரணிப் பேருந்து
வழிதவறி வந்த அன்று.

கல்லூரிச் சலவை அறையில்
டெல்வா ஹாஸ்டட்டுக்கு ஸ்கோர் தேவையில்லை.
செப்டம்பர் என்றால் முழங்காலில் பச்சை.
அக்டோபர் என்றால் அயோவாவின் கரிசல்,
மூன்று முறை அலசினாலும் வாளியில் காப்பி நிறம்.
ரத்தத்துக்குக் குளிர்ந்த நீர்தான்.

ஐம்பத்தெட்டாம் எண் ஜெர்சி மட்டும்
போட்ட மடிப்பு கலையாமல் வரும்.
அதையும் துவைப்பாள்.
பெஞ்சில் உட்கார்ந்தாலும் வியர்க்கும் என்பாள்,
யாரும் கேட்காமலே.

கடைசிச் சனிக்கிழமை. நாற்பத்தொன்றுக்கு மூன்று.
ஆம்புலன்ஸ்காரர்கூட சூப் குடிக்கப் போயிருந்தார்.
இரவு பத்தரைக்கு மூட்டையை அவிழ்த்தால்
ஐம்பத்தெட்டின் முதுகு முழுக்கச் சேறு.
மல்லாக்க விழுந்திருக்கிறான் பையன்.

சோப்புத்தூள் அளந்த கை
கொஞ்சம் நின்றது.
பிறகு
மற்றவற்றோடு சேர்த்தே போட்டாள்.