லத்தேரியில் மும்முனை மின்சாரம்

பகலில் நான் சுற்றுவது தடித்த கம்பி.
ஏழரை ஹெச்பி, கருகிய வாடை,
ஸ்டேட்டர் பள்ளத்தில் நகம் தேய
சாயங்காலத்துக்குள் முனிரத்தினத்தின் மோட்டார்
லத்தேரிக்குத் திரும்பியாக வேண்டும்.
கடலை வாடுகிறதாம்.

இரவில் சுற்றுவது நாற்பத்திரண்டாம் நம்பர்.
விளக்கைச் சாய்த்தால்தான்
அப்படியொரு கம்பி இருப்பதே தெரியும்.
தையல் மெஷின் மோட்டாரில் பாபினைப் பூட்டி
ஒரு பழைய கால்குலேட்டரை
சுற்றுக்கு ஒன்று கூட்டும்படி பழக்கியிருக்கிறேன்.
எட்டாயிரம் வேண்டும்.
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலில்
தும்மினேன்.

உடம்புக்குப் பலா,
காட்பாடியில் இடித்த வீட்டின் கதவு.
தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில்
இப்போது வால்யூம் குமிழ்.
கழுத்தில் மெட்டு பதிக்கும் கணக்கு எனக்குப் பிடிக்கும்:
மொத்த நீளத்தைப் பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழால் வகு,
அங்கே முதல் மெட்டு.
மிச்சத்தை வகு, இரண்டாவது.
அதன் மிச்சத்தை.
எத்தனை முறை எடுத்தாலும் தீராத மிச்சம்.
என் சம்பளத்துக்கு இப்படி யாரும்
கணக்குப் போட்டதில்லை.

ஆம்ப்ளிஃபயரில் முதன்முதலாகச் சொருகியபோது
கம்பியைத் தொடுமுன்பே சத்தம்.
ம்ம்ம்ம்ம்
என்று, பதில் சொல்லப் பிடிக்காத ஆளைப்போல.
ஆம்பூர் பிரியாணி வந்த அலுமினியத் தாளைக்
கழுவித் துடைத்து உள்ளே ஒட்டினேன்.
எர்த்தை மாற்றிக் கட்டினேன்.
சத்தம் கொஞ்சம் குறைந்தது, பட்டை வாசம் குறையவில்லை.
நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்
பீரோவைப் பார்த்து உட்கார்ந்தால் மட்டும்
சுத்தமாக நின்றது.
மூன்று மாதம் பீரோவுக்குத்தான் வாசித்தேன்.
கண்ணாடி வைத்த பீரோ.
நைட்டியும் கிதாருமாய் எதிரே ஒருத்தி.
ஒருவரையொருவர் சகித்துக்கொண்டோம்.

சாலிடர் வைக்கக் கடைக்கு எடுத்துவந்த அன்று
முனிரத்தினம் மறுபடி வந்தார், மறுபடி கருகிய மோட்டாரோடு.
"இன்னாம்மா, பலகைக்கு வாலு வச்சிருக்க?"
கிதார், என்றேன்.
"கல்லு மாதிரி கனக்குது. உள்ள பொந்தே இல்லியே,
சத்தம் எங்கேர்ந்து வரும்?"
காயிலிலிருந்து.
"நம்ம மோட்டார்ல கீதே, அந்தக் காயிலா?"
அதே செம்புதான்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"அப்ப இது எத்தினி அடிலேர்ந்து இழுக்கும்?"

கட்டி முடித்து பெஞ்சில் ஓட விட்டேன்.
ம்ம்ம்ம்ம்.
கை தானாகத் தடித்த கம்பிக்குப் போனது.
மூன்றாம் மெட்டு.
கிட்டத்தட்ட அதே. மோட்டார் ஒரு மயிரிழை மேலே.
பிருடையைத் திருகினேன், மயிரிழைதான்,
இரண்டுக்கும் நடுவே அடித்துக்கொண்டிருந்த துடிப்பு
மெல்ல மெல்ல
அகன்று
அடங்கியது.

அவர் ஆயிரத்து எண்ணூறு ரூபாயை
எண்ணிக்கொண்டிருந்தார்.
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
லத்தேரி, பனமடங்கி, கே.வி.குப்பம்,
நான் கட்டி அனுப்பிய நானூற்றுச் சொச்சமும்
அறுநூறு அடியில், எண்ணூறு அடியில்,
குழாய் இருட்டில்,
ஒரே சுருதியில் நிற்கின்றன.

வீட்டுக்குப் போய் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.
பீரோ முதுகுக்குப் பின்னால்.
சத்தம் வந்தது. வரட்டும்.
ஆறு கம்பியையும் அதற்கு ஏற்றினேன்.
டியூனர் சிவப்பு காட்டுகிறது,
நாற்பது ரூபாய் பேட்டரியில் அதற்கு அவ்வளவு ரோஷம்.

மும்முனை வருவது இரவு பதினொன்றரைக்கு.
வயல் வயலாக சுவிட்ச் விழ
என் பல்பு ஒரு கணம் மங்கும்.
அந்த மங்கலில்தான் தொடங்குவேன்.
இந்நேரம் கடலை நனைந்துகொண்டிருக்கும்,
மோட்டார் மறுபடி கருகாமல் இருந்தால்.

இரண்டாம் கம்பி மட்டும்
பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே
இன்னும் கரகரக்கிறது.
நாளைக்கு அரம் போட்டுப் பார்க்க வேண்டும்.