கழுத்தளவு

காலை ஆறரை. இன்னும் ராத்திரிதான்.
ஐஸ்லாந்தின் வடவிளிம்பில் ஜனவரியில்
பத்தரைக்கு மேல்தான் விடியும், அதுவும் மனசிருந்தால்.
நகராட்சி நீச்சல்குளத்தின் ஓரம்
சுடுநீர்த் தொட்டியில் ஐந்து தலைகள்.
கழுத்துக்குக் கீழே நாற்பது டிகிரி,
காதுக்கு மேலே மைனஸ் ஒன்பது.
முடியில் பனி உறைந்து
எல்லோருக்கும் ஒரே வயதாகிவிடும் நேரம்.

முதல் பேச்சு எப்போதும் காற்றைப் பற்றி.
"வடக்கே திரும்பிடுச்சு" என்பார் ஸ்னைப்யோர்ன்.
அது வேறெங்கும் திரும்பி நான் பார்த்ததில்லை.
பிறகு முட்டை விலை.
பிறகு, சுரங்கப்பாதையில் நேற்று
யாரோ வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு
பாடிக்கொண்டே நடந்து வந்தது.
யாரென்று ஐந்து பேருக்கும் தெரியும்.
பெயரை யாரும் சொல்லவில்லை,
அவ்வளவு மரியாதை உண்டு இந்தத் தண்ணீரில்.

அப்புறம் பூனை.

யோருனின் சாம்பல் பூனை மூன்று வாரம் காணாமல் போய்
முந்தாநாள் திரும்பி வந்திருக்கிறது,
இளைத்து அல்ல, பருத்து.
"அழுதேன், தெரியுமா? அதோட தட்டைக்
கழுவிக் கவிழ்த்துக்கூட வச்சிட்டேன்."
எய்விந்துர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான்.
தபால்காரன். அவனுக்குத் தெரியாத வாசல் இல்லை.
துறைமுகத் தெரு பதினொன்றில்
அதற்கு இன்னொரு தட்டு இருக்கிறதாம்,
இன்னொரு மெத்தை, இன்னொரு பெயர்.
"என்ன பேர்?"
"பிஷப்."
தொட்டி முழுக்க அலை.

நானும் சிரித்தேன்.
என் சிரிப்பு ஒரு நொடி பிந்தி வந்ததை
நீராவி மறைத்துக்கொண்டது.

நேற்று மாலை, மீன் ஆலை அலுவலகத்தில்,
கதவைச் சாத்திக்கொண்டு
முப்பத்தொன்பது கடிதம் அச்செடுத்தேன்.
பெயர் மட்டும் மாறும். மற்றதெல்லாம் ஒன்றுதான்:
வருந்துகிறோம், மார்ச் முப்பத்தொன்று, நன்றி.
நாலாவது உறை யோருனுக்கு.
இருபத்தேழோ எட்டோ, ஸ்னைப்யோர்னின் மகனுக்கு.
கடைசி உறை எனக்கு.
அதற்கும் தபால்தலையை நேராகத்தான் ஒட்டினேன்.
பசையின் ருசி நாக்கில் நிற்கிறது,
இரண்டு தரம் பல் தேய்த்தும்.

சொல்லிவிடலாம்.
வாய் தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது.
சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டது
ஒரு காரணம், பெரிய காரணம் இல்லை.
பதினொரு மணிக்குத்தான் தபால்.
அதுவரைக்கும் இது
பூனை திரும்பி வந்த ஒரு வியாழக்கிழமை.
அதில் கைவைக்க நான் யார்?

"ஏய், கேக்கணும்னு நினைச்சேன்," என்கிறாள் யோருன்.
"ஏப்ரல்ல பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேனே,
தெனெரீஃப் போறதுக்கு.
ஆயிடுச்சா?"
மூழ்கி எழுந்தேன்.
முகத்திலிருந்து தண்ணீர் வடிந்தது, நல்லதாகப் போயிற்று.
"ஏப்ரல்ல ஒரு தடையும் இருக்காது," என்றேன்.
அதில் பொய் ஒன்றுமில்லை.

வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசும் ஹல்கெர்துர்
கண் மூடியபடியே சொன்னாள்:
"பிஷப்புன்னு கூப்பிட்டுப் பாரேன், யோருன்.
வருதான்னு."
"வராது!"
"வந்தா?"
அதற்கு யோருனிடம் பதில் இல்லை.
எட்டு வருஷம் வளர்த்தவள்
முதல் தடவையாகக் கொஞ்சம் பயந்தாள்.

எய்விந்துர் எழுந்து படியில் கால் வைத்தான்.
தோளிலிருந்து புகை பறந்தது.
"வியாழக்கிழமை. பை லேசாத்தான் இருக்கும்,
தள்ளுபடித் தாள், மின்சார பில்."
யாரிடம் என்றில்லாமல் சொன்னான்.
நான் குமிழி விடும் பொத்தானையே பார்த்துக்கொண்டு
"நல்ல பூட்ஸா போட்டுக்கோ," என்றேன்.

நின்றான்.
இருபது வருஷமாக உறைகளைக் கையில் எடை பார்த்தவன்.
என்னைப் பார்த்தான். யோருனைப் பார்த்தான்.
ஸ்னைப்யோர்னின் மூக்கு நுனியில்
ஒரு துளி உறையப் போவதைப் பார்த்தான்.
அப்படியே திரும்பி இறங்கி
கழுத்துவரை தண்ணீருக்குள் உட்கார்ந்தான்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றான்.
"பூனை விஷயத்தை முதல்லேர்ந்து சொல்லு."