இரண்டு விரற்கடை

மொகோட்லோங் தாண்டினால் சாலை மனம் மாறிவிடும்.
அதன்பிறகு குதிரைதான்.
ஸெஃபாகோ என்று பெயர், ஆலங்கட்டி மழை என்று பொருள்,
பெயருக்கேற்ற வேகம் ஒருநாளும் அதற்கு இருந்ததில்லை.
இடது காலை அங்கவடியில் நுழைப்பதற்குள்
எனக்கு மூச்சு வாங்கிவிடும்.
முழங்காலுக்குக் கீழே அது அலுமினியம்;
அசல் கால்
பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில்
வேறொருவர் தங்கத்துக்குக் காவல் இருக்கிறது.

மாதம் பதினாறு வீடுகள்.
நடக்காத பிள்ளை, பேசாத பிள்ளை,
கிணறு வெட்டப்போய்க் கண் போனவர்.
அலுவலகத் தாளில் என் வேலையின் பெயர்
ஊக்கமளித்தல்.
போர்வை உதறி, தொப்பி கழற்றி,
காலையும் கழற்றி நடுவில் வைப்பேன்.
பிள்ளைகள் தட்டிப் பார்ப்பார்கள்.
பெரியவர்கள் அழுவார்கள்.
பிறகு பேசுவேன்.
நல்ல பேச்சுதான், பல வீடுகளில் பலித்திருக்கிறது.

மா-கௌஹெலோ அழவில்லை.
வறட்டி அடுப்பில் சோளக்களி கிண்டிக்கொண்டே
திரும்பாமல் சொன்னாள்:
"போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள், ந்தாத்தே.
இந்தக் காலையும் அப்போதே பார்த்தாயிற்று.
ஊக்கம் எனக்கு வேண்டியமட்டும் இருக்கிறது.
கதவுக்குச் சொல்லுங்கள்."

போன வருஷம் நாங்கள் கொடுத்த சக்கர நாற்காலி
வெளியே சுவரோரம் நின்றது.
இருக்கையில் கோழி அடைகாத்தது.

கௌஹெலோவுக்கு ஒன்பது வயது.
கால்கள் உதவாது, கை பாதிச் சொல் கேட்கும்,
வார்த்தை வளைந்து வளைந்து வரும்,
வசவு மட்டும் நேராக வரும்.
காலையில் அப்பா தூக்கி வெளியே உட்கார்த்துவார்,
மாலையில் தூக்கி உள்ளே.
எல்லை தாண்டி ஆட்டுமயிர் கத்தரிக்கப் போனவர்
பணம் அனுப்புகிறார்.
முதுகை அனுப்ப முடியாது.
அம்மாவுக்கு இடுப்பு பிடித்த நாளிலிருந்து
அவளுக்கு வெளியே என்பது
கதவின் அகலம்தான்.

அளந்தேன்.
நாற்காலிக்கு இரண்டு விரற்கடை போதவில்லை.
என் பேச்சில் எந்த இடத்திலும்
அந்த இரண்டு விரற்கடை இல்லை.

பதினெட்டு வருஷம் கல்லுக்குள் வாழ்ந்தவன் நான்.
எந்தக் கல்மேல் கூரை நிற்கிறது என்று
தட்டினால் காதுக்குத் தெரியும்.
இரண்டு கம்பம் கேட்டேன், ஒரு கடப்பாரை.
பக்கத்து மொக்கேதி கம்பத்தோடு வந்தான்,
அவன் மாமனார் அறிவுரையோடு வந்தார்.
நிலைக்கு மேலே முட்டுக் கொடுத்தோம்,
சுரங்கத்தில் கொடுப்போமே அப்படி,
என் கால் போன அன்று
யாரோ கொடுக்க மறந்தார்களே, அப்படி.

கல் கல்லாக உருவினோம்.
படுத்தபடியே கௌஹெலோ மேஸ்திரி வேலை பார்த்தாள்:
"இடது பக்கம். அந்தப் பக்கம் இல்லை,
உங்கள் பொய்க்கால் பக்கம்!"

சாயங்காலம் நாற்காலி உள்ளே வந்தது.
அவளோடு உடனே வெளியே போனது.
எண்ணினேன், பதினொரு முறை.
பன்னிரண்டாவதில் சக்கரம் கல்லில் இடறி
குப்புற விழுந்தாள். உதட்டில் ரத்தம்.
நான் ஓடினேன், அதாவது என் வகை ஓட்டம்.
"விடுங்கள்" என்றாள் அம்மா,
என்னிடமா, தன்னிடமேவா, தெரியவில்லை.
பிறகு அவளே மெல்லப் போய் மண்ணில் உட்கார்ந்து
மகளின் போர்வை ஊக்கைச் சரிசெய்தாள்.
சரியான பின்னும் வெகுநேரம்
சரிசெய்துகொண்டிருந்தாள்.

இரவில் பனி கொட்டியது.
புது அகலத்துக்குப் பழைய கதவு எட்டவில்லை.
போர்வை தொங்கவிட்டோம்,
காற்று அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
அடுப்பைச் சுற்றி நாங்கள் மூவரும் கோழிகளும்.
குளிருக்காக மா-கௌஹெலோ என்னைத் திட்டினாள்.
நியாயமான திட்டு.

விடியலில் சேணம் கட்டும்போது
ஆறிய களியைப் பொட்டலம் கட்டித் தந்தாள்.
"அடுத்த முறை பேச்சு வேண்டாம்.
கீல் கொண்டுவாருங்கள். பெரியதாக நான்கு."

நோட்டில் எழுதிக்கொண்டேன்: கீல், நான்கு.
அதற்கு அடுத்த வரியில் அடுத்த வீடு.
மூன்று முறை போயும் அங்கே
கதவைத் திறக்கவே இல்லை.
உள்ளே யாரோ பாடுவது மட்டும் கேட்டது.

மலையேற்றத்தில் வேறு கேட்பவர் இல்லாததால்
ஸெஃபாகோவிடம் என் பேச்சை
முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன்.
பாதியில் அது நின்றுவிட்டது.
இறங்கி நடந்தேன்.