எண்பது கிராம்

அட்டிபெலே தாண்டும்வரை
மடியிலேயே வைத்திருந்தேன்.
ஐஸ் பை, அதற்குள் ஒரு பொட்டலம்,
அதற்குள் எண்பது கிராம் ஸ்பெயின்.
இன்சுலினா என்றார்
பக்கத்து சீட்டுக்காரர்.
ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது.
பில்லைப் பார்த்த பெனிட்டா
மனக்கணக்கில் வகுத்தாள்.
"கிராம் முப்பத்து மூணு ரூபா.
வெள்ளிய விட மலிவுதான், உக்காரு."

எல்லாம் இன்யாக்கியால் வந்தது.
கிரைண்டிங் மெஷின் பொருத்த வந்தவன்
டீ இடைவேளையில் போனில் காட்டினான்:
ஒரு கடையின் கூரை முழுக்கக் கால்கள்.
கறுப்புக் குளம்போடு தொங்கும் கால்கள்.
சொட்டும் கொழுப்பை ஏந்த
ஒவ்வொன்றின் கீழும்
தலைகீழாய் ஒரு பொம்மைக் குடை.
மூன்று வருடம், உப்பும் காற்றும் மட்டும் என்றான்.
கருவாலி மரத்தடியில்
கொட்டை பொறுக்கித் தின்ற பன்றி என்றான்.
நான் பார்த்த பன்றிகள்
எதைப் பொறுக்கின என்று
அவனிடம் சொல்லவில்லை.

பாகலூர் ரோட்டில் இந்த மாடி வீடு.
சேர வந்த அன்று சிவருத்ரப்பா
அசைவமா என்று மட்டும்தான் கேட்டார்.
மற்ற கேள்விகளை
அந்த ஒன்றுக்குள்ளேயே மடித்து வைத்திருந்தார்.
இல்லை என்றோம், எல்லாவற்றுக்கும் சேர்த்து.
அன்றிலிருந்து
ஞாயிற்றுக்கிழமைகளை
மத்திகிரியில் பெனிட்டாவின் அக்கா வீட்டில்
சமைத்துக்கொள்கிறோம்.

இதற்கு அடுப்பு வேண்டாம்.
தாளிப்பு இல்லை, விசில் இல்லை,
ஜன்னலைச் சாத்த வேண்டியதில்லை.
ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம்
சும்மா இருக்கவிட வேண்டும், அவ்வளவுதான்.
கொழுப்பு மெல்ல வேர்த்தது.
தட்டில் வைத்த துண்டின் வழியே
தட்டின் நீலப் பூ தெரிந்தது.

கை சும்மா இருக்கவில்லை.
மைக்ரோமீட்டரை எடுத்துத் துடைத்து
ஒரு ஓரத்தைப் பிடித்தேன்.
பூஜ்யம் புள்ளி ஒன்பது.
அடுத்தது பூஜ்யம் புள்ளி எட்டு எட்டு.
"கறியப் போயி அளக்கற பாரு,
நீயெல்லாம் ஒரு மனுசன்."
பாஸ், என்றேன்.

முதல் துண்டை மெல்லவில்லை.
நாக்கில் வைத்ததும்
நெய் போல இளகியது,
பிறகு உப்பு,
பிறகு ஏதோ கொட்டைப் பருப்பின் இனிப்பு.
நறநறவென்று ஒரு வெள்ளைப் பொடி.
பெனிட்டா கண்ணைத் திறக்கவேயில்லை.
நான்கு ஞாயிறு ஓவர்டைம்
அவள் தொண்டையில் இறங்குவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.
கரண்ட் பில்லோடு சிவருத்ரப்பா.
தட்டை ஒளிக்க நேரமில்லை,
ஒளிப்பதற்கு வாசனையும் இல்லை.
எட்டிப் பார்த்தார்.
"என்ன, ரோஜா இதழா? குல்கந்து போடறீங்களா?"
ஓசூர்க்காரர், வேறென்ன தோன்றும்.

நான் எச்சில் விழுங்கினேன்.
பெனிட்டா விரலை நக்கிவிட்டு,
"பன்னிங்க" என்றாள்.
"ஸ்பெயின் பன்னி."

மாடிப்படியில் யாரோ சைக்கிளை
ஏற்றிக்கொண்டு போனார்கள்.
"எவ்ளோ?"
"எம்பது கிராம் ரெண்டாயிரத்து அறுநூத்தம்பது."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.
தட்டைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார்,
கூரையில் எங்கள் புது மின்விசிறியைப் பார்த்தார்.
கோபிப்பார் என்றிருந்தேன்.
"அடுத்த மாசத்துலருந்து
வாடகை ஐநூறு சேத்துக் குடுத்துடுங்க"
என்றபடி எழுந்தார்.
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு,
"கீழ சொல்ல வேணாம்" என்றார்.
யார் யாரிடம் என்று சொல்லவில்லை.

மிச்சம் மூன்று துண்டுகள்.
இன்யாக்கி பார்த்தால் அழுதுவிடுவான்.
பெனிட்டா வாணலியை எடுத்தாள்.
சின்ன வெங்காயம், மிளகு,
இரண்டு கொத்து கறிவேப்பிலை.
"ஐநூறு குடுக்கறமில்ல" என்று
ஜன்னலின் இரண்டு கதவையும்
கொக்கி மாட்டித் திறந்து வைத்தாள்.