எஸ்போவில் ஹீலியம் இறக்கியவர்

வெளியே மைனஸ் இருபத்தாறு.
உருளைகளை இறக்கிவிட்டு
விரல்களை ஊதிக்கொண்டே வெய்யோ கேட்டார்:
"இதற்கு மேலும் எதைக் குளிர வைக்கிறீர்கள்?"

தங்கமுலாம் தட்டுகளுக்கு அடியில்
நகக்கண் அளவு சில்லு. காட்டினாள் ரீக்கா.
"க்யூபிட். பூச்சியமும் ஒன்றும்
இதில் கலந்தே கிடக்கும், பார்க்கும்வரை.
பார்த்தால் ஏதோ ஒன்றுதான்."

"பார்க்காமல் இருக்கலாமே."

"விடை வேண்டாமா?
தப்பான வழிகள் அலைகளாய் மோதித்
தம்மையே அழித்துக்கொள்ள விட்டு,
கடைசியில் ஒரே தடவை பார்ப்போம்.
அதுவும் பொய்க்கலாம். திரும்பக் கேட்போம்,
ஆயிரம் தடவை."

"சரி, குளிர் எதற்கு?"

"துளி வெப்பம், ஓர் அதிர்வு போதும்,
கலைந்துவிடும்."

போகும்போது வெய்யோ
கதவை விரல்நுனியால் தள்ளி
ஓசையின்றிச் சாத்தினார்.

அடுத்துப் போன மீன் கிடங்கிலும்
அப்படியே.