தொள்ளாயிரம் கிராம்

பாராட்டு விழாவில்
கண்ணாடிக் கேடயத்தை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கேடயம்.
காசு அவ்வளவுதான் சேர்ந்தது.
எடை எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை.
மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்:
தொள்ளாயிரம் கிராம்.
என் வலது கை இதுவரை தூக்கியது அறுநூறு,
அதுவும் மணல் நிரப்பிய மைலோ டின்.

இதே கைதான்
முப்பதடிச் செம்பனையில் அரிவாள் கம்பு மாட்டிக்
குலை இறக்கியது.
ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில்
மண்டோர் என் பேரைக் கூப்பிட்டார்.
இடது பாதி மட்டும் 'இருக்கேன்' என்றது.

லாபிஸ் பட்டணத்தில், சனிக்கிழமை மத்தியானம்,
ஆ ஹொக் தன் டயர் கடையை மூடிவிட்டு
எங்களுக்குத் திறப்பார்.
ஜேக்கும் ஸ்பானரும் சுவரோரம் ஒதுங்கும்.
சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக்
கரண்டிக் காம்பில் சுற்றித் தருவார்,
பிடி வழுக்காமல் இருக்க.
அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டு வார்த்தை:
மெல்ல. சாப்பிடு.

பள்ளி வேன் ஓட்டும் ரொஸ்னா
தோட்டந்தோட்டமாய் வந்து எங்களை ஏற்றிக்கொள்வாள்.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சீட்டு,
முட்டி வந்து தாடையில் இடிக்கும்.
பெட்ரோல் காசு கொடுத்தால்
மலாயில் திட்டுவாள்.

தர்ஷாயினி கோலாலம்பூரிலிருந்து வந்தாள்,
கையில் ஒரு படிவம், ஒரு ஸ்டாப் வாட்ச்.
முள்கரண்டியால் இறைச்சி வெட்டவும்: முடியவில்லை.
வெண்ணெய் தடவவும்: முடியவில்லை.
கை நன்றாக இருந்த காலத்திலேயே
நான் இதையெல்லாம் செய்ததில்லை, அம்மா.

பேனாவை மூடினாள்.
'இந்தக் கை திரும்பி வந்தா
முதல்ல என்ன செய்வீங்க அங்கிள்?'

சொல்ல வெட்கமாக இருந்தது.
இடது கையால் தின்கிறவன்
எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவான்?
இரண்டு கல்யாணத்துக்கு மொய்யை மட்டும் அனுப்பிவிட்டு
வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டவன் நான்.
'சோறு பிசையணும்,' என்றேன்.
'ரசம் ஊத்தி.'

வெண்ணெய் வரியை அடித்துவிட்டு
அதன் மேலே பென்சிலால் எழுதினாள்:
ரசம் சோறு.

பிறகு எட்டு மாதம்.
எங்கள் தோட்டத்தில் ஒன்பது பேர், அடுத்த தோட்டத்தில் பதினாலு,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் சிலர்.
சிந்திய பருக்கையைக் குனிந்து எண்ணினாள்.
முதலில் கோதுமை மாவு,
அப்புறம் குழைந்த சோறு,
அப்புறம் முழங்கை வரை வழிந்த ரசம்.
முதல் கவளம் வாய்க்குள் போன அன்று
கை தட்டுவாள் என்று பார்த்தேன்.
நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.
எனக்கு அதுதான் பிடித்தது.

விழாவுக்கு ஒய்.பி. ஒரு மணி நேரம் தாமதம்.
கேடயத்தில் 'சேவைச் செம்மல்கள்'.
அவள் பேரில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது.
ரொஸ்னா வேனை ஓரங்கட்டிவிட்டு
சாவியோடு ஓடி வந்து நின்றாள்.
என்னைக் கூப்பிட்டார்கள்.

தூக்கினேன்.
என்னையறியாமல் இடது கை அடியில் போய் முட்டுக்கொடுத்தது.
அத்தனை பேர் முன்னால், கிசுகிசுப்பாக:
'அங்கிள், அந்தக் கையை எடுங்க.'

எடுத்தேன்.
கண்ணாடி சாய்ந்தது.
ஒரு சாண் கீழே
ஆ ஹொக்கின் இரண்டு உள்ளங்கையும் விரிந்து நின்றன,
தொடாமல்.
'மெல்ல,' என்றார்.

தூக்கிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
விழவில்லை, அவ்வளவுதான்.
படத்தில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள்,
அவள் மட்டும் என் மணிக்கட்டை.
'எட்டு வினாடி,' என்று சொன்னது
படத்தில் இல்லை.

அப்புறம் வாழை இலை போட்டார்கள்.
வெள்ளைச் சட்டைதான். பரவாயில்லை.
பந்தியின் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து
ரசம் கேட்டேன்.